அவள் ஏன் அன்றே சொல்லவில்லை? – மைதானத்தில் நடக்கும் அநீதியும் ஊர் பேசும் பேச்சும்

 

 

அஸர் தொழுதுவிட்டு தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் பக்கம் போய்ப் பாருங்கள். பைக்கில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அத்தாமார்கள் சுவரோரம் நிற்பார்கள். ஒரு காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளை அங்கே அதிகம் பார்க்க முடியாது. இப்போது ஆண் பிள்ளையும் வருகிறது, பெண் பிள்ளையும் வருகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜில் இடம் கிடைக்கிறது, வேலை கிடைக்கிறது. உடம்புக்கும் நல்லது. வடுவூர் பக்கம் கபடிக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சுவரோரம் நிற்கிற தகப்பன் என்ன செய்கிறார்? தன் பிள்ளையை ஒரு மனிதரிடம் ஒப்படைக்கிறார். அந்த மனிதர் ஓடு என்றால் பிள்ளை ஓடும், நில் என்றால் நிற்கும், வெளியூர் போட்டிக்குப் போக வேண்டும் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். அணியில் பெயர் வருமா வராதா என்பது அவர் கையில் இருக்கிறது. இதற்கு நம் தீனில் ஒரே ஒரு வார்த்தைதான்: அமானத். அந்த அமானத்தில் கை வைத்தவர்கள் பற்றிய செய்தி வரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். அவர்கள் செய்தது ஹராம் என்று சொல்ல ஒரு ஜும்ஆ தேவையில்லை. நாம் பேசுகிற பேச்சு எந்தப் பக்கம் சேர்கிறது என்பதற்குத்தான் ஜும்ஆ தேவைப்படுகிறது.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு. சென்னையில் ஒரு பிரபலமான பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் மீது மாணவிகள் புகார் சொன்னார்கள், அவர் கைதானார். அந்தச் செய்தி பரவியதும், பல ஆண்டுகளாக வாயை மூடிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. அதே மாதக் கடைசியில், சென்னையில் பல ஆண்டுகளாகத் தடகளப் பயிற்சி கொடுத்துவந்த ஒருவர் மீது 19 வயது வீராங்கனை ஒருவர் புகார் கொடுத்தார். போக்சோ சட்டத்தில் அவர் கைது செய்யப்பட்டார். பிறகு அவரிடம் முன்பு பயிற்சி எடுத்த வேறு பெண்களும் பேசினார்கள். அவருடைய பெயர் நமக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை, அந்த வாரம் ஊர் பேசிய பேச்சு.

மேட்டூர் திறந்தாச்சா, கடைமடைக்குத் தண்ணீர் வந்துச்சா என்று பேசுகிற அதே ஆட்கள்தான். முதல் கேள்வியே இதுதான்: "இத்தனை வருஷம் இவளுங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாளுங்க? அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

சரி. அன்றே சொன்ன ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட் 12. ஹரியானா மாநிலம் பஞ்ச்குலா. ருச்சிகா என்ற 14 வயதுப் பெண். டென்னிஸ் விளையாடுகிற பிள்ளை. ஹரியானா டென்னிஸ் சங்கத்தின் தலைவர் எஸ்.பி.எஸ். ராத்தோர், மாநிலக் காவல்துறையில் ஐ.ஜி. அந்தச் சங்க அலுவலகத்தில் அவர் அந்தப் பிள்ளையிடம் அத்துமீறினார். கூடப் போயிருந்த தோழி ஆராதனா அதைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் பெற்றோரிடம் சொன்னார்கள். பெற்றோர் மூடி மறைக்கவில்லை, சில நாட்களிலேயே மேலிடத்தில் புகார் கொடுத்தார்கள். காவல்துறைத் தலைவரே விசாரித்து, வழக்குப் பதிய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்.

பிறகு என்ன நடந்தது? வழக்குப் பதியவில்லை. கட்டணம் கட்டவில்லை என்று காரணம் காட்டி அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார்கள். அவளுடைய சகோதரன் மீது அடுத்தடுத்து கார் திருட்டு வழக்குகள் போட்டார்கள். ஒன்றிலும் அவன் குற்றவாளி என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் வீடு நொறுங்கிவிட்டது. 1993 டிசம்பரில் அந்தப் பிள்ளை விஷம் குடித்து இறந்துபோனாள். அந்த அதிகாரியோ 1999-ல் காவல்துறையின் தலைமைப் பதவிக்கே போய் உட்கார்ந்தார். உயர்நீதிமன்றம் சொல்லி சி.பி.ஐ. விசாரித்து, 2009 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். உடனே ஜாமீன். நீதிமன்றத்திலிருந்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நாடே கொதித்தது. அதற்கு முன் 19 வருஷம் நாடு என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை 18 மாதமாக உயர்ந்தது. 2016-ல் உச்சநீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது, ஏற்கெனவே இருந்த சிறை போதும் என்று விட்டது.

இப்போது சொல்லுங்கள். அன்றே சொன்னவளுக்குக் கிடைத்தது இது. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் போய் "ஏன் அன்றே சொல்லவில்லை" என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதில் ஆராதனாவின் வீட்டாரை நான் பெரிதாக மதிக்கிறேன். இறந்துபோனது அவர்கள் பிள்ளை இல்லை. ருச்சிகாவின் குடும்பம் ஊரை விட்டே போன பிறகும், அந்தத் தோழியும் அவளுடைய தாய் தகப்பனும் சாட்சியாக நின்று, பத்தொன்பது வருஷம் வழக்கை விடவில்லை. கண்ணால் கண்ட சாட்சியத்தை மறைப்பவருடைய உள்ளம் பாவம் செய்த உள்ளம் என்று சூரா அல்பகரா 283-வது வசனம் எச்சரிக்கிறது. நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம். கடன் பத்திரத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்துவிட்டோம்.

வாய் திறக்க அல்லாஹ் கொடுத்த அனுமதி

நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுக்கிற ஒரு பாடம், கெட்ட விஷயத்தை வாயால் சொல்லாதே என்பது. நல்ல பாடம். அல்லாஹ்வும் தீய பேச்சு பகிரங்கமாகப் பேசப்படுவதை விரும்புவதில்லை என்கிறான், சூரா அன்னிஸா 148-வது வசனத்தில். ஆனால் அதே மூச்சில் ஒரு விதிவிலக்கும் வைக்கிறான்: அநீதி இழைக்கப்பட்டவர். அவர் பேசலாம். உரக்கப் பேசலாம். தனக்குச் செய்யப்பட்டதை, செய்தவன் பெயரோடு சொல்லலாம். அது புறமும் இல்லை, அவதூறும் இல்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் பேசுவது எந்த இடங்களில் கூடும் என்று பட்டியல் போடும்போது முதலில் எழுதியதே இதைத்தான்: அநீதிக்குள்ளானவர், நீதி வாங்கித் தர முடிந்தவரிடம் முறையிடுவது.

"நாலு சாட்சி கொண்டு வந்தாளா?" என்று ஒருவர் கேட்கிறார். குர்ஆன் தெரிந்தவர் போலவே கேட்கிறார். அந்தச் சட்டம் எதற்கு இறங்கியது? பத்தினிப் பெண்கள் மீது விபச்சாரப் பழி சுமத்துகிறவனுடைய வாயை அடைப்பதற்கு இறங்கியது, சூரா அந்நூர் நான்காம் வசனம். பெண்ணைக் காப்பாற்ற வந்த சட்டத்தை எடுத்து, எனக்கு அநீதி நடந்தது என்று வருகிற பெண்ணின் வாயிலேயே பூட்டாகப் போடுகிறோம். தன்மீது நடந்த கொடுமையை முறையிட வருகிறவள் யார் மீதும் பழி சுமத்தப் புறப்பட்டவள் இல்லை. அவள் வழக்கைக் கொண்டு வருகிறாள். வழக்கை விசாரிப்பது அதிகாரத்தில் இருப்பவருடைய கடமை.

அல்லாஹ்வின் தூதருடைய காலத்திலேயே இப்படி ஒரு முறையீடு வந்தது. வாயில் பின் ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. தொழுகைக்காகப் புறப்பட்டுப் போன ஒரு பெண்ணை வழியில் ஒருவன் மடக்கி நாசம் செய்துவிட்டான். அவள் கத்தினாள். அவன் ஓடிவிட்டான். அந்த வழியாக வந்த முஹாஜிர்களிடம் சொன்னாள். அவர்கள் ஓடிப்போய் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். இவர்தான் என்றாள். நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வரப்பட்டார். தண்டனை நிறைவேறப் போகிற நேரத்தில், உண்மையில் செய்தவன் எழுந்து, நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். நபியவர்கள் அந்தப் பெண்ணிடம், நீ போகலாம், அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான் என்ற கருத்தில் சொல்லி அனுப்பினார்கள். தவறாகப் பிடிபட்டவரிடம் நல்ல வார்த்தை சொன்னார்கள்.

இந்த ஹதீஸை நின்று நிதானமாகப் பாருங்கள். அவளைப் பார்த்து, நீ ஏன் தனியாக வந்தாய் என்று ஒருவரும் கேட்டதாக இதில் இல்லை. என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்டதாக இல்லை. கேட்டவர்கள் உடனே ஓடினார்கள். இது ஒரு பக்கம். அடுத்த பக்கமும் இருக்கிறது. பயத்திலும் பதற்றத்திலும் அவள் ஆளைத் தவறாகக் காட்டிவிட்டாள். அதற்காக அவள் பொய்க்காரி ஆகவில்லை. அவளுக்கு நடந்தது நடந்ததுதான். ஆனால் நிரபராதி ஒருவர் சாவின் விளிம்பு வரை போய் வந்தார். ஆகவே முறையீட்டைக் கேட்டவுடன் அவளுக்காக ஓடுவதும், அவன்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டும் ஒரே ஹதீஸில் இருக்கின்றன. நம்மில் பாதிப் பேர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், மீதிப் பேர் இன்னொன்றை.

"அவர் நம்ம ஆளு"

இதுதான் பெரிய நோய். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே கால்பந்து என்றால் அது கிட்டத்தட்ட மார்க்கம் மாதிரி. ஜோ பேட்டர்னோ என்பவர் 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளர். அவரிடம் உதவியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களை நாசம் செய்துவந்தார். 2001-ல் ஒருவர் கண்ணால் பார்த்ததை பேட்டர்னோவிடம் சொன்னார். அவர் மேலதிகாரிகளிடம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். போலீசுக்கு யாரும் போகவில்லை. பத்து வருஷம் கழித்து, 2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். நான்கு நாளில் பேட்டர்னோவையும் வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். டிவி சேனலின் வேனைக் கவிழ்த்தார்கள். எதற்கு? நாசமான சிறுவர்களுக்காகவா? எங்கள் கோச்சை எப்படி நீக்கலாம் என்று! அடுத்த ஆண்டு 45 குற்றங்கள் நிரூபணமாகி சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 ஆண்டு சிறை கிடைத்தது.

அமெரிக்காக்காரனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மதீனாவிலேயே நடந்தது. பனூ ழஃபர் கோத்திரத்தைச் சேர்ந்த துஃமா பின் உபைரிக் ஒரு கவச உடையைத் திருடி, மாட்டிக்கொள்வோம் என்றதும் அதை ஒரு யூதரின் வீட்டில் போட்டுவிட்டான் என்று தஃப்ஸீர்களில் பிரபலமான அறிவிப்பு இருக்கிறது. அவனுடைய சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? நம்ம ஆளு, முஸ்லிம், அவனோ யூதன் என்று நபியவர்களிடமே வந்து வாதாடினார்கள். அன்னிஸா 105-லிருந்து வசனங்கள் இறங்கின. மோசடிக்காரர்களுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம் என்றும், இந்த உலகில் நீங்கள் வாதாடலாம், மறுமையில் இவர்களுக்காக அல்லாஹ்விடம் வாதாடப் போவது யார் என்றும் அல்லாஹ் கேட்டான். பள்ளிவாசலுக்கு வெளியே இருந்த ஒரு யூதரின் மானத்துக்காக, உள்ளே இருந்தவர்களைக் கண்டித்து வஹீ வந்தது. இந்தச் சம்பவத்தை மறந்துவிட்டு, கைதானவருடைய மதத்தைப் பார்த்து, ஜாதியைப் பார்த்து, கட்சியைப் பார்த்து நாம் கருத்துச் சொல்கிறோம். நம் ஆள் என்றால் சதி. வேற்று ஆள் என்றால் அன்றைக்கே தூக்கில் போட வேண்டும்.

டெல்லியில் மல்யுத்த வீராங்கனைகள் போராடியபோதும் இதைத்தான் பார்த்தோம். 2023 ஜனவரியில் வினேஷ் போகட், சாக்ஷி மலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்தச் சம்மேளனத் தலைவராகவும் எம்.பி.யாகவும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பெண்கள் புகார் சொன்னார்கள். முதலில் ஒரு குழு போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வரை போன பிறகுதான் வழக்கே பதிவானது. அவர் எல்லாவற்றையும் மறுத்தார். ஒரு சிறுமி சம்பந்தப்பட்ட போக்சோ வழக்கு, அந்தச் சிறுமியின் தரப்பே ஆட்சேபம் இல்லை என்று சொன்னதால், 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது. மற்ற வீராங்கனைகள் தொடுத்த வழக்கில் குற்றச்சாட்டுப் பதிவு செய்ய 2024 மே மாதமே நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை, இந்த மிம்பரின் வேலை இல்லை.

நான் சொல்ல வருவது வேறு. 2023 மே 28 அன்று புதிய பாராளுமன்றத்தை நோக்கிப் போன அவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றியது. வேனுக்குள் எடுத்த படத்தில் அவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. யாரோ ஒருவன் ஒரு செயலியை வைத்து அந்த முகங்களில் சிரிப்பை ஒட்டிவிட்டான். பாருங்கள், நாடகம் ஆடிவிட்டுச் சிரிக்கிறார்கள் என்று நாடு முழுக்கச் சுற்றியது. படம் பொய் என்று பிறகு நிரூபித்தார்கள். அதற்குள் அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. செய்தி கொண்டுவருபவன் ஃபாஸிக்காக இருந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற ஹுஜுராத் 6-வது வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற நம் வீட்டு போன்களிலிருந்தும் அது போயிருக்கும். இரண்டு நாள் கழித்து ஹரித்வாரில் கங்கையில் பதக்கங்களைப் போடப் போனார்கள், விவசாயத் தலைவர்கள் தடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் பாரிஸில் 100 கிராம் எடை கூடியதற்காக வினேஷ் தகுதி இழந்தபோது கைகொட்டிச் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஒரு பெண் புகார் சொல்லிவிட்டால், பிறகு அவள் ஆயுசுக்கும் எது செய்தாலும் அந்தக் கணக்கில்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

சிலர் இங்கே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சொல்லப்பட்ட அவதூறுச் சம்பவத்தைக் கொண்டுவருவார்கள். பார்த்தீர்களா, குற்றச்சாட்டு என்றால் நம்பக் கூடாது என்பார்கள். சம்பவத்தை முழுக்கப் படியுங்கள். அங்கே எனக்கு அநீதி நடந்தது என்று யாரும் வரவில்லை. எதையும் பார்க்காதவர்கள், ஒரு பெண்ணைப் பற்றி நாக்கிலிருந்து நாக்குக்குக் கதை கடத்தினார்கள். அன்னையவர்கள் அழுதார்கள். அந்த நூர் அத்தியாயத்து வசனங்கள் யாரைக் காப்பாற்ற இறங்கின? ஊர் வாயில் மாட்டிக்கொண்ட அந்தப் பெண்மணியை. அப்படியானால் இன்றைக்கு ஊர் வாயில் மாட்டிக்கொண்டு நிற்பது யார்? ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் விசாரித்தபோது, என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், அவரைப் பற்றி நல்லதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஆயிஷா அம்மையாருக்குப் போட்டியாக இருந்த சக மனைவி அவர்! ஒரு ஃபார்வேர்டு வந்தால் ஸைனப் நாயகியின் காதையும் கண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கப்பட்டவருடைய பெயர், படம், பள்ளிக்கூடம், தெரு எதையும் பரப்புவது இந்நாட்டுச் சட்டத்திலும் குற்றம். அக்கறையில் அனுப்பினேன் என்பது பதில் இல்லை.

யூசுஃப் நபியின் சட்டை

இது பெண் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்கள் யூசுஃப் அத்தியாயத்தைத் திறக்கட்டும். பாதிக்கப்பட்டவர் ஓர் ஆண், இளைஞர், விலைக்கு வாங்கப்பட்டவர். அத்துமீறியவர் அந்த வீட்டின் எஜமானி. இடம், அவர் வளர்ந்த வீடு. கதவுகளைப் பூட்டியதும் எஜமானிதான். யூசுஃப் (அலை) ஓடினார்கள், சட்டை பின்னால் கிழிந்தது, வாசலில் கணவர் நிற்கிறார். முந்திக்கொண்டு பேசியது யார்? தவறு செய்தவர். உங்கள் குடும்பத்துக்குக் கெடுதல் நினைத்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறார். யூசுஃப் (அலை) அங்கேயே உண்மையைச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே, சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது பாருங்கள் என்று ஆதாரத்தைக் காட்டுகிறார். பின்பக்கம். உண்மை தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு அந்த வீடு என்ன செய்தது? யூசுஃபே, இதை விட்டுவிடு என்றார்கள். மனைவியிடம், மன்னிப்புக் கேட்டுக்கொள் என்றார்கள். முடிந்தது பஞ்சாயத்து. பிறகு ஊரில் பேச்சு கிளம்பியதும், எல்லா ஆதாரத்தையும் பார்த்த பிறகும், கொஞ்ச காலம் யூசுஃபைச் சிறையில் போடுவதே நல்லது என்று முடிவு செய்தார்கள் என்று 35-வது வசனம் சொல்கிறது. நிறுவனத்தின் பெயர் கெடாமல் இருக்க, பாதிக்கப்பட்டவரை அப்புறப்படுத்து. 1990-ல் அந்தப் பள்ளிக்கூடம் செய்ததும் அதைத்தானே?

அதற்கும் மேலே ஓர் இடம் இருக்கிறது. அரசர் விடுதலை செய்யச் சொல்லி ஆள் அனுப்புகிறார். யூசுஃப் (அலை) வெளியே வர மறுக்கிறார்கள். கையை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்னவாயிற்று என்று அரசரிடம் கேள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். விசாரணை நடந்து, எஜமானி தன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகே வெளியே வருகிறார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த விசாரணையைக் கேட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று யாராவது அவர்களைக் கேட்க முடியுமா?

பிள்ளையை நிறுத்திவிடலாமா?

இப்படி ஒரு செய்தி வந்ததும் நம் ஆட்களுக்குத் தோன்றும் தீர்வு: பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு விளையாட்டு, நிறுத்து. ஆடையில், ஆண் பெண் கலப்பில் மார்க்கம் வைத்த எல்லைகள் எனக்குத் தெரியும், அவற்றை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியது அபூதாவூதில் இருக்கிறது. உடற்பயிற்சி பெண்ணுக்கு ஹராம் இல்லை. அதோடு, தண்டனை யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். குற்றம் செய்தது ஒருவன், வீட்டுக்குள் அடைபடுவது இவள். இது தெரிந்துதான் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. சொன்னால் அத்தா நிறுத்திவிடுவார். அந்தப் பயம்தான் அத்துமீறுகிறவனுக்கு மூலதனம்.

வேறொரு பக்கம் பாருங்கள். அந்நியப் பெண்ணோடு ஓர் ஆண் தனித்திருக்கக் கூடாது என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. அது முதலில் ஆணைப் பார்த்துச் சொன்ன கட்டளை. அமெரிக்காவில் லாரி நாசர் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் விஷயத்தில், 1997-லேயே ஒரு பிள்ளை தன் பயிற்சியாளரிடம் சொல்லியும் கேட்பாரில்லை. 2016-ல் ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற பெண் பத்திரிகையில் பெயரோடு பேசிய பிறகுதான் கதவு திறந்தது. 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் நின்று பேசினார்கள், 40 முதல் 175 ஆண்டு வரை தண்டனை. அதன்பின் அங்கே சட்டம் போட்டார்கள்: பெரியவர் ஒருவர் சிறுவரோடு இருந்தால், மற்றவர் பார்க்கவும் குறுக்கிடவும் முடிந்த தூரத்தில்தான் இருக்க வேண்டும். நம்மிடம் இருந்த விதியை அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். நாமோ கையில் வைத்துக்கொண்டு பெண்ணைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

நம் நாட்டிலும் 2013-ம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதில் விளையாட்டுப் பயிற்சி நிலையத்தையும் அரங்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. புகார்க் குழு இருக்க வேண்டும். பல தேசிய விளையாட்டுச் சங்கங்களில் அது முறையாக இல்லை என்ற செய்தியை வைத்து 2023 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆகவே உங்கள் பிள்ளை போகும் இடத்தில் போய்க் கேளுங்கள். புகார் வந்தால் யாரிடம் சொல்வது? வெளியூர் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் வருகிறாரா? சோதனை, மசாஜ் எல்லாம் எங்கே, யார் முன்னால்? கேட்டால் கோச் கோபப்படுவார் என்று தயங்காதீர்கள். நல்ல கோச் கோபப்பட மாட்டார்.

கடைசியாக, கசப்பானது. மைதானத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் மக்தபையும் ஹிஃப்ழு மதரஸாவையும் விட்டுவிட்டால், நானும் பனூ ழஃபர் மாதிரிதான். அங்கேயும் பிள்ளைகள் தாய் தகப்பனை விட்டுவிட்டு வந்து தங்குகிறார்கள். உஸ்தாதுக்கு அடங்க வேண்டும் என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். பெரும்பாலான உஸ்தாதுகள் பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பான். ஆனால் ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் ஜமாஅத்தில் வைத்துப் பேசி, ஒரு தொகை கொடுத்து, ஆளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவது என்ற வழக்கம் எங்கே இருந்தாலும் அது துரோகம். அடுத்த ஊர்ப் பிள்ளைகளும் உம்மத்தின் பிள்ளைகள்தானே? நம் பகுதியில் வரப்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் கசிந்தால், கசியுது என்று கத்துகிறவனை யாரும் அடிப்பதில்லை. எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

சட்டமும் தெளிவு. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்த எவரும் போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் அவருக்கே தண்டனை; நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை சிறை. அதில் முத்தவல்லிக்கோ இமாமுக்கோ விதிவிலக்கு இல்லை. ஜமாஅத்துக்கு இதில் சமரசம் பேசும் அதிகாரமே கிடையாது. சிறுவர் உதவி எண் 1098, இரவும் பகலும் எடுப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அடிக்க வேண்டாம், அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம், அவர் மனைவி மக்களை ஏச வேண்டாம். விசாரணை முடியும்வரை பிள்ளைகள் பக்கம் மட்டும் விட வேண்டாம்.

நம் மக்தபில் ஓதிக்கொடுக்கும் அறைக் கதவுகளைத் திறந்தே வைப்பது, ஒரு பிள்ளையை மட்டும் தனியாக நிறுத்தி வைக்காமல் இருப்பது, தாய்மார்கள் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்பது பற்றி நிர்வாகத்தாரிடம் பேசியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பெற்றோர்கள் வாருங்கள், தாய்மார்களுக்கு மேல்தளத்தில் இடம் இருக்கிறது. அதற்கு முன் இன்றிரவு வீட்டில் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: யார் என்ன செய்தாலும் என்னிடம் சொல்லலாம், உன்னைத் திட்ட மாட்டேன், உன் விளையாட்டை நிறுத்த மாட்டேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளையும் எல்லோருடைய பிள்ளைகளையும் வீட்டிலும் பள்ளியிலும் மைதானத்திலும் உன் பாதுகாப்பில் வைத்துக்கொள்வாயாக. சொல்ல முடியாமல் மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பள்ளியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், இதை வாசிப்பவர்களுக்கும் ஆறுதலையும், கேட்பதற்கு ஒரு நல்ல காதையும் கொடுப்பாயாக. ஆமீன்.